ஹீட்டர் வால்வு சொட்டினால் அடைக்காதீர்கள்

கார்த்திகை பிறந்து விடியற்காலைத் தண்ணீர் கொஞ்சம் குளிர ஆரம்பித்ததும் மதுரையில் வீட்டுக்கு வீடு ஹீட்டர் போடுவார்கள். அதிலிருந்து தை முடியும்வரை எனக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. ஹீட்டருக்கு அடியில் இருக்கும் பித்தளை வால்வு சொட்டுகிறது, வந்து அடைத்துக் கொடுங்கள் என்பார்கள்.

வேறு வேலைக்காகப் போகும் சில வீடுகளில் அதை ஏற்கெனவே யாரோ அடைத்திருப்பதையும் பார்க்கிறேன். வால்வின் பக்கவாட்டில் உள்ள சின்னத் துவாரத்தில் எம்-சீல் பூசியிருக்கும். இல்லையென்றால் ஒரு ஸ்க்ரூவில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றி உள்ளே முறுக்கியிருப்பார்கள். சொட்டுவது நின்றிருக்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அந்த ஹீட்டரை நான் அப்போதே அணைக்கச் சொல்லிவிடுவேன்.

அந்தத் துவாரம் தண்ணீர் வெளியே வருவதற்காகவே வைத்தது. தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 75 டிகிரிக்குக் கொண்டுபோனால் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல் பெருகும். 15 லிட்டர் ஹீட்டரில் அது ஏறக்குறைய 340 மில்லி. 25 லிட்டர் ஹீட்டரில் அரை லிட்டரையும் தாண்டும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. எனவே கூடுதலான அந்த அரை லிட்டர் எங்கேயாவது போயாக வேண்டும். எல்லா வழியும் அடைபட்டிருந்தால் சில டிகிரி சூடு ஏறுவதற்குள்ளேயே டேங்கின் சுவர்மேல் அழுத்தம் தாறுமாறாகக் கூடிவிடும். அப்படிக் கூடுவதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீரை வெளியே விடுவதுதான் இந்தப் பித்தளை வால்வின், அதாவது சேஃப்டி வால்வின் வேலை.

திருநகரில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்கள். "தம்பி, தினமும் ஒரு டப்பாவ அடியில வச்சு வச்சு எடுக்க முடியுமா? நல்லா அடைச்சு விட்ருங்க." "அடைக்கக் கூடாதும்மா. ஒரு ட்யூப் மாட்டி தரையோரமா இறக்கி விடுறேன், சொட்டுறது நேரா தரையில இருக்குற வடிகால் ஜாலிக்குப் போயிரும்" என்றேன். அவர்களுடைய கஷ்டம் உண்மையான கஷ்டம். வால்வை மாட்டியவர் ட்யூப்பையும் சேர்த்து மாட்டியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

"எங்க வீட்டில் பல வருஷமா வால்வே இல்லை, ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, கீழே பாத்ரூமில் ஹீட்டர் என்பதுதான் நம் ஊரில் பழைய ஏற்பாடு. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஆகவே இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில்கூட ஹீட்டருக்கு 1 பாருக்கும் குறைவாகவே வரும். வழியில் தடுப்பு எதுவும் இல்லையென்றால், விரியும் தண்ணீர் வந்த குழாய் வழியாகவே திரும்பி மாடித் தொட்டிப் பக்கம் ஏறிவிடும். அதனால்தான் அந்த வீடுகளில் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அந்தத் திரும்பும் வழி எவ்வளவு சுலபமாக அடைபடுகிறது பாருங்கள். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வெந்நீர் வருகிறது என்று யாரோ சொல்ல, தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பிளம்பர் போட்டுக் கொடுப்பார். வழி அடைந்துபோகும். ஷவரில் தண்ணீர் வேகமாக வர வேண்டும் என்று பிரெஷர் பம்ப் வைப்பார்கள். பெரும்பாலும் அதற்குள்ளோ அதை ஒட்டியோ தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு ஒன்று இருக்கும். அங்கேயும் அடைப்பு. எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது கேட் வால்வுக்கு. ஊருக்குப் போகும்போது ஹீட்டர் லைனின் கேட் வால்வை மூடிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் முதலில் சுவிட்சைப் போடுவார்கள், கேட் வால்வு ஞாபகம் வராது. குழாய் எதையும் திறக்காதவரை டேங்க் நிறையத் தண்ணீர், இரண்டு பக்கமும் மூடல், உள்ளே 2000 வாட் எலிமெண்ட். சேஃப்டி வால்வு இல்லையென்றால் அல்லது அதன் துவாரம் அடைபட்டிருந்தால் அந்த டேங்குக்கு வேறு வழி கிடையாது.

சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் தண்ணீர் 75 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும், அப்போதும் டேங்க் வெல்டிங்கில் கீறல் விடலாம், கசியலாம். தெர்மோஸ்டாட்டும் அதற்குக் காவலாக இருக்கும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதாகிவிட்டால்தான் பேராபத்து. குக்கருக்குள் தண்ணீர் கொதிக்காமலேயே 100 டிகிரியைத் தாண்டுகிறது அல்லவா, மூடிய டேங்கிலும் அதுவேதான் நடக்கும். 25 லிட்டர் ஹீட்டர் அணையாமல் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே 120 டிகிரி வந்துவிடும். அந்த நிலையில் டேங்க் பிளந்தால், அழுத்தம் இறங்கிய அதே நொடியில் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் வேண்டும். சின்ன பாத்ரூமுக்குள் அது என்ன செய்யும் என்று நான் விவரிக்க விரும்பவில்லை.

சரி, வால்வை எப்படி மாட்ட வேண்டும்?

ஹீட்டரின் அடியில் இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நீல வளையம் இருப்பது பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் வழி, சிவப்பு வளையம் இருப்பது வெந்நீர் வெளியே வரும் வழி. வால்வு நீலத்தில்தான் வர வேண்டும். வால்வின் உடம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது ஹீட்டரைப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் உள்ளே இருக்கும் நான்-ரிட்டர்ன் பாகம் தண்ணீரையே உள்ளே விடாது. உடனே சிலர் அந்தப் பாகத்தைத் தோண்டி எடுத்துவிட்டு ஓட வைக்கிறார்கள். அம்புக்குறியைப் பார்த்துத் திருப்பி மாட்டியிருந்தால் போதும்.

அமெரிக்க வீடியோக்களில் வால்வு டேங்கின் மேற்பகுதியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இங்கே தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அங்கே தரையில் நிற்கும் பெரிய ஹீட்டர்களில் இருப்பது வேறு வகை. அது அழுத்தத்தோடு சூட்டையும் பார்த்துத் திறக்கும், அதனால் வெந்நீர் நிற்கும் மேல்பாகத்தில் இருந்தாக வேண்டும். நம் சுவர் ஹீட்டரோடு வருவது பெரும்பாலும் அழுத்தத்தை மட்டும் பார்க்கும் வால்வு. அதோடு தண்ணீர் திரும்பிப் போகாமலும் தடுக்கும். அதன் இடம் நீலக் குழாய்தான்.

வால்வை ஹீட்டரில் நேரடியாக முறுக்குங்கள். வால்வுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் கேட் வால்வு, பால் வால்வு என்று மூடக்கூடிய எதுவும் வரவே கூடாது. இதில் மட்டும் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்பதில்லை. கேட் வால்வு வேண்டுமென்றால் சேஃப்டி வால்வுக்கு முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கே மூடினாலும் துவாரம் டேங்கைக் காக்கும்.

முறுக்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவசரத்தில் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். லைனைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துக் கொட்டுங்கள். புதுக் குழாயில் அறுத்த தூள், சால்வென்ட் பசைத் துணுக்கு, மணல் எல்லாம் இருக்கும். ஒரே ஒரு துணுக்கு வால்வின் சீட்டில், அதாவது வால்வு மூடி உட்காரும் இடத்தில், உட்கார்ந்துகொண்டால் அது நாள் முழுக்க ஒழுகும். புது வால்வே மட்டம் என்று பழி வரும், அப்புறம் எம்-சீல் வரும். டெஃப்ளான் டேப்பையும் முதல் மரையை விட்டுச் சுற்றினால் நூல் உள்ளே போகாது.

துவாரத்தில் மாட்டும் ட்யூப் சூடு தாங்குவதாக இருக்கட்டும். மேலே வளைந்து ஏறாமல், மடங்காமல், சரிவாகக் கீழே இறங்க வேண்டும். அதன் நுனி திறந்தபடி, சொட்டுவது கண்ணில் படும்படி, ஆள் மேல் படாத இடத்தில் இருக்க வேண்டும். நுனியில் குழாய் வைப்பது, முடிச்சுப் போடுவது எல்லாம் அடைப்பதற்குச் சமம்.

வால்வின் மேல் எத்தனை பார் என்று எழுதியிருக்கும். அது ஹீட்டரின் பெயர்ப் பலகையில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது. சேமிப்பு ஹீட்டர்களுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 2082. ஐஎஸ்ஐ முத்திரையும் அழுத்த அளவும் பலகையில் இருக்கும், பல ஹீட்டர்களில் 8 பார். மேலூர், வாடிப்பட்டி பக்கம் தோட்டத்து வீடுகளில் ஒரு பழக்கம் பார்க்கிறேன். போர் மோட்டார் லைனிலிருந்து தொட்டிக்குப் போகாமல் நேராக வீட்டுக்குக் குழாய் எடுத்துவிடுகிறார்கள். 100 மீட்டர் ஏற்றும் மோட்டார், குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது 10 பார் வரை தள்ளக்கூடும். ஹீட்டர் தாங்குவது 8. இந்த இடத்தில் சேஃப்டி வால்வை மட்டும் நம்ப வேண்டாம். தொட்டி வழியாகவே தண்ணீர் வரட்டும்.

எல்லாம் மாட்டியபின் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, அதில் காற்று நின்று தண்ணீர் சீராக விழும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கரன்ட் கொடுக்க வேண்டும். வெந்நீர் லைனுக்கு வெள்ளை பிவிசி குழாய் ஆகாது. சூடு தாங்கும் சிபிவிசி போடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மாநகராட்சிக் குழாயில் வைகைத் தண்ணீர் வந்தாலும் புழக்கத்துக்குப் பல வீடுகளில் போர் தண்ணீர்தான், அதில் உப்பு அதிகம். அதோடு மாசிக்குப் பிறகு ஐப்பசிவரை ஹீட்டரை யாரும் தொடுவதில்லை. கொடைக்கானலில் வருஷம் முழுக்க ஓடும் ஹீட்டரின் வால்வு அசைந்துகொண்டே இருக்கும். இங்கே எட்டு ஒன்பது மாதம் சும்மா இருக்கும் வால்வில் வெள்ளையாக உப்புப் படிந்து ஸ்பிரிங் இறுகிவிடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. ஐப்பசியில், ஹீட்டர் போடுவதற்கு முன்னால், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே வால்வின் சின்ன நெம்புகோலைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் பளிச்சென்று வந்து, விட்டதும் நிற்க வேண்டும். ஹீட்டர் ஓடும் மாதங்களில் மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். நெம்புகோல் அசையவில்லை, அல்லது தூக்கிய பிறகு ஒழுகல் நிற்கவேயில்லை என்றால் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள் அது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் குடியேறும் அன்றே வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி சொட்டுக்கு வருவோம். ஹீட்டர் ஓடும்போது சொட்டி, அணைத்துக் குளித்தபின் நின்றால் வால்வு நன்றாக வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள். ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் இரவு பகலாகச் சொட்டினால் சீட்டில் துணுக்கு இருக்கலாம். நெம்புகோலைத் தூக்கித் தூக்கி விட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியும் நிற்கவில்லை, வீட்டில் பிரெஷர் பம்பும் இருக்கிறது என்றால் லைனில் அழுத்தம் அதிகம். அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றை முன்னால் போட வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகையில் தாமதமே கூடாது. துவாரத்திலிருந்து கொதிக்கும் தண்ணீர் விடாமல் கொட்டுகிறது, அல்லது ஆவி அடிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் கைவிட்டுவிட்டது. ஈரக் கையோடு பாத்ரூம் சுவிட்சுக்குப் போகாமல், மெயின் பெட்டியில் ஹீட்டருக்கான எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்க்காதீர்கள், முகத்தில் ஆவி அடிக்கும். வால்வையும் தொட வேண்டாம், அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கதவைச் சாத்தி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், சில மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் மாற்றி, வால்வையும் புதிதாகப் போட்ட பிறகே மறுபடி கரன்ட் கொடுக்க வேண்டும்.