இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?

கோவையில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்குப் பதினைந்து ஆண்டுகளாக ஆள் எடுத்துவருகிறேன். நெடுநாள் வேலை தேடி முதல் நேர்காணலுக்கு வருபவர்கள் பாடக் கேள்விகளைக்கூடச் சமாளித்துவிடுவார்கள். "2022-இல் படிப்பை முடித்திருக்கிறீர்கள், இடையில் என்ன செய்தீர்கள்?" என்றதும் முகம் வாடிவிடும். "வேலை தேடிக்கொண்டிருந்தேன் சார்" என்று தரையைப் பார்த்துச் சொல்வார்கள்.

சென்ற ஆண்டு தரப் பரிசோதனைப் பிரிவுக்கு வந்த மெக்கானிக்கல் பட்டதாரி ஒருவரும் அப்படித்தான் சொன்னார். மேசையில் இருந்த வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியையும் ஒரு ஷாஃப்டையும் (உருளைத் தண்டு) கொடுத்து விட்டத்தை அளக்கச் சொன்னேன். கைக்குட்டையை எடுத்து வெர்னியரின் தாடைகளைத் துடைத்தார். அவற்றை மூடிப் பிடித்து, சுழியைச் சரியாகக் காட்டாத சுழிப்பிழை இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஷாஃப்டைத் திருப்பித் திருப்பி மூன்று இடங்களில் அளந்த பிறகே வாயைத் திறந்தார். கல்லூரி ஆய்வகத்தில் மட்டும் வெர்னியரைத் தொட்டவருக்கு இந்தக் கைப்பழக்கம் வராது. "எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

"மாமாவின் லேத் பட்டறையில், ஒன்றரை வருடம். சம்பளம் என்று எதுவும் இல்லை சார், அதனால் எழுதவில்லை."

எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அவரிடம் இருந்த ஆகச்சிறந்த தகுதியை அவரே வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தார். அந்த வெர்னியர் மேசையில் இல்லாமல் போயிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே நேர்காணலுக்கு முன் ஒரு தாளை எடுத்து, படிப்பு முடிந்த மாதத்திலிருந்து இன்றுவரை செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள். குரூப் 4 தேர்வுக்குப் படித்தது, உணவு விநியோகத்துக்கு வண்டி ஓட்டியது, அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக வீட்டில் இருந்தது, எதையும் விடாதீர்கள். அதிலிருந்து நான்கு வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஓராண்டு பயிற்சி பெற்றிருந்தால், அதை விண்ணப்பத்தின் மேலேயே போடுங்கள். அதைக் கடைசி வரியில் ஒளித்து வைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இடைவெளியை மறைக்க அனுபவச் சான்றிதழை விலைக்கு வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வருங்கால வைப்பு நிதியில் ஒருவருக்கு ஒரே பொதுக் கணக்கு எண்தான் (UAN). எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அதில் பதிவாகிவிடும். சான்றிதழில் உள்ள வேலை அங்கே இல்லையென்றால் கேள்வி வரும். வேலையில் சேர்ந்த பிறகு பிடிபட்டு வெளியே போனவர்கள் இருக்கிறார்கள்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைப் பற்றியும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கி ஒப்படைத்தவர்கள் எத்தனையோ பேர். நடந்தது நடந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து அதைப் பிரித்துப் படியுங்கள். ஏன் இந்த உலோகம், எங்கே பழுதாகும், மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்? இந்த மூன்றுக்கும் சொந்தமாகப் பதில் இருந்தால் போதும். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழில் சொல்லலாமா சார்?" என்று கேளுங்கள். உற்பத்திப் பிரிவு வேலைகளுக்கு நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்து, காந்திபுரத்தில் முகம் கழுவிக்கொண்டு, வெறும் வயிற்றோடு பத்து மணிக்கு வந்து நிற்காதீர்கள். முடிந்தால் முதல் நாளே வந்து தங்குங்கள். இல்லையென்றால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு உள்ளே வாருங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வரக்கூடாது. முன்பணம் கேட்டால் அது வேலையே அல்ல, எழுந்து வந்துவிடுங்கள்.

சம்பளப் பேச்சு வந்தால், ஆண்டுத் தொகையைக் கேட்டு மயங்காமல், "மாதம் கையில் எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிடுங்கள். நிறுவனம் உங்கள் பெயரில் வைப்பு நிதிக்குச் செலுத்தும் பங்கையும் பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) சேர்த்தே பல இடங்களில் அந்தத் தொகையைச் சொல்வார்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில், வைப்பு நிதிக்கு உங்கள் பங்காக வழக்கமாகப் பிடிக்கும் 12 சதவீதம் வேறு இருக்கிறது. இதைக் கேட்பதால் யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸிலேயே, கேட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் எழுதிவையுங்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லத் தொடங்கும்போது பாதி மறந்திருக்கும்.