காலித் தொட்டிக்குள் எதை ஊதுகிறான்?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருக்கும் என் அக்கா மகன் போன நவம்பரில் வீடியோ காலில் வந்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹாட் டப்புக்குள் மண்டியிட்டு, வேக்குவம் கிளீனர் குழாயை ஒவ்வொரு துளையிலும் வைத்து ஊதிக்கொண்டிருந்தான். காவேரிப்பட்டணத்தில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "தொட்டியிலதான் தண்ணியே இல்லையே, அப்புறம் என்னத்தடா ஊதுற?"

சரியான கேள்விதான். அந்த வெந்நீர்த் தொட்டியில் சுமார் 1500 லிட்டர் பிடிக்கும். சுற்றிலும் பனி கொட்டக் கொட்ட வெந்நீரில் உட்காருகிற சுகத்துக்காகவே பலர் அதை வாங்குகிறார்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்தவர்களும் ஊருக்குக் கிளம்புகிறவர்களும் மட்டும் குளிர்காலத்துக்கு மூடி வைப்பார்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வடிகுழாயைத் திறந்தால் தொட்டி காலி. தொட்டியைப் பற்றிக் கவலையில்லை. சுவருக்குப் பின்னால் பம்புக்கும் ஹீட்டருக்கும் நீர் பீய்ச்சும் துளைகளுக்கும் ஓடும் குழாய்கள்தான் வம்பு. வீடு கட்டும்போது கொத்தனார் பிடிக்கும் லெவல் டியூபைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு முனையும் திறந்திருந்தாலும், நடுவில் தொங்கும் வளைவில் தண்ணீர் அப்படியே நிற்கும். தொட்டியின் குழாய்களில் அப்படிப் பல வளைவுகள்.

நின்றால் நிற்கட்டுமே என்று நாம் நினைப்போம். ஓசூர் மார்கழிக் குளிரே நமக்குப் பெரிசு. அதுகூட உறைநிலைக்குப் பக்கத்தில் போகாது. அங்கே ஜனவரி ராத்திரி மைனஸ் 20 டிகிரிக்குப் போவது சகஜம்.

பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீர் ஏறுமாறு. திரவமாக இருக்கும்போது அதன் மூலக்கூறுகள் சந்தைக் கூட்டம் போல இடித்து நெருக்கி நகர்கின்றன. உறையும்போது ஒவ்வொன்றும் நான்கு பக்கத்து மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துக்கொள்கிறது. கூட்டமாக நின்றவர்கள் கோலாட்டத்துக்குக் கை நீட்டினால் இடம் கூடுதலாகத் தேவைப்படும் இல்லையா, அதுபோல நடுவே வெற்றிடம் விழுந்து அறுகோண அமைப்பு உருவாகிறது. 1 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 1.09 லிட்டர் பனிக்கட்டி ஆகிறது. ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டில் அடி உப்பி நிற்க மாட்டாமல் சாய்வது இந்த 9 சதவீதத்தால்தான்.

பனிக்கட்டி பக்கவாட்டில் அழுத்தித்தான் குழாய் வெடிக்கிறது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படியில்லை. குழாயின் ஒரு இடத்தில் பனி அடைத்துக்கொண்டு தக்கை போல ஆகிவிடும். அது வளர வளர, தனக்கும் மறுமுனையில் மூடிக் கிடக்கும் வால்வுக்கும் நடுவே சிக்கிய தண்ணீரைத் தள்ளும். தண்ணீரை அமுக்கிச் சுருக்குவது லேசில் நடக்காது, அழுத்தம் எகிறும். மைனஸ் 22 டிகிரியில் தண்ணீரை உறையவிடாமல் அடக்கி வைக்கச் சுமார் 2000 வளிமண்டல அழுத்தம் வேண்டும். நம் தோட்டத்துக்கு வாங்கும் பி.வி.சி. பைப்பில் 4 கிலோ, 6 கிலோ என்று போட்டிருப்பார்களே, அந்த 6 கிலோ என்பது ஏறக்குறைய 6 வளிமண்டலம். எங்கே நிற்கும்! பனி ஓரிடத்தில் இருக்க, உறையாத தண்ணீர் இருக்கும் இடத்தில் குழாய் பிளப்பதும் உண்டு.

அதனால்தான் ஊதுகிறான். வளைவில் தங்கிய தண்ணீரைக் காற்று தள்ளுகிறது. தள்ள முடியாததை அதே மெஷினால் உறிஞ்சி எடுக்கிறான். காற்று சுருங்கிக்கொடுக்கும், மிச்சம் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் அது உப்புவதற்கு இடம் கிடைக்கும். பிறகு பம்பின் அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திருகி எடுத்து, ஹீட்டர் இணைப்புகளையும் தளர்த்தி விடுவார்கள். பம்பின் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீர் தங்கினாலும் ஓடு விரிசல் விடலாம்.

அப்படியும் சந்தேகம் இருந்தால் குழாய்க்குள் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். அதன் மூலக்கூறுகள் நடுவில் புகுந்து அந்தக் கோலாட்ட வரிசையைக் குலைக்கின்றன. கடுங்குளிரில் உறையத் தொடங்கினாலும் கல்லாக இறுகாமல் கூழாகவே இருக்கும். வண்டி ரேடியேட்டரில் பரவலாக ஊற்றப்படும் எத்திலீன் கிளைக்கால் விஷம். மனிதர் உட்காரும் தொட்டிக்கு அது ஆகாது.

இதையெல்லாம் நான் அக்காவுக்குச் சொல்லி முடிக்கும்போது அங்கே தொட்டிக்கு மூடி போட்டாகிவிட்டது. அக்கா கேட்டாள்: "அந்தப் பம்பு மூடியைக் கழட்டினியே, எங்க வச்ச?"

அவன் சட்டைப் பையைத் தடவினான். பிறகு குனிந்து புல்லுக்குள் தேட ஆரம்பித்தான்.