ஒரே பந்தயம், இரண்டு முடிவுகள்

கணினிகளில் அதிகம் பயன்படும் இயங்குதளம் எது என்ற பந்தயத்தில் விண்டோஸ் 10 எப்போது விண்டோஸ் 7-ஐ முந்தியது? 2018 ஜனவரியிலேயே முந்திவிட்டது என்றது, இணையப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் ஸ்டாட்கவுன்டர். 2018 டிசம்பரில்தான் என்றது, அதே வேலையைச் செய்த நெட்மார்க்கெட்ஷேர். இரண்டுமே உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட கணக்குகள்தான். அப்படியிருந்தும் பதினோரு மாத வித்தியாசம்.

யாரும் வீடு வீடாகப் போய்க் கணினிகளை எண்ணுவதில்லை. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பிரவுசர் அந்தத் தளத்துக்குத் தன்னைப் பற்றி ஒரு வரி அனுப்புகிறது. 'மொசில்லா/5.0 (விண்டோஸ் என்டி 10.0, வின்64, எக்ஸ்64)' என்று தொடங்கும் அது. ஏராளமான தளங்களில் பதித்து வைத்த சின்ன நிரல் ஒன்று அதைப் படித்து, விண்டோஸ் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிடும்.

எதைக் கூட்டுவது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். ஸ்டாட்கவுன்டர் எண்ணுவது பக்கப் பார்வைகளை: ஒரே ஆள் நூறு பக்கம் புரட்டினால் நூறு. நெட்மார்க்கெட்ஷேரோ ஒரு நாளில் ஒரு தளத்துக்கு வந்தவரை, எத்தனை பக்கம் பார்த்தாலும், ஒருவராகவே எண்ணியது. அதோடு ஒவ்வொரு நாட்டிலும் இணையம் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்பதைப் பார்த்துக் கணக்கைச் சரிக்கட்டவும் செய்தது. ஒருவர் அளந்தது பயன்பாட்டை, மற்றவர் அளக்க முயன்றது ஆட்களை.

அந்த வரியையும் முழுசாக நம்ப முடியாது. விண்டோஸ் 11 கணினியும் 'என்டி 10.0' என்றுதான் சொல்கிறது. குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களிடம் தளம் தனியாகக் கேட்டால் விண்டோஸுக்கான ஓர் உள் பதிப்பு எண்ணைத் தரும். அது 13 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11. ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தருவதில்லை. ஆப்பிளின் சொந்தச் சிப்பில் ஓடும் மேக்கூட குரோமில் 'இன்டெல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10_15_7' என்றே அறிமுகமாகிறது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பாடு இன்னும் சங்கடம். கண்காணிப்பு நிரல்களைத் தடுத்து வைப்பவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அந்தப் பழக்கம் லினக்ஸ்காரர்களிடம் கூடுதல் என்றே நினைக்கிறேன். 2024 பிப்ரவரியில் ஸ்டாட்கவுன்டரின் கணினிக் கணக்கில் லினக்ஸ் 4 சதவீதத்தைத் தாண்டியபோது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு மாத எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க மாட்டேன். ஒரே கணக்கை இரண்டு, மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தால் போக்கு எந்தப் பக்கம் என்று தெரியும், அதை நம்பலாம்.

எங்கள் தெரு மளிகைக் கடையில் பில் போடும் கணினி இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்திவிட்டது. கடைக்காரர் அதில் இணைய இணைப்பே கொடுக்கவில்லை. காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து வரை ஓடுகிற அந்த இயந்திரம், இந்த இரண்டு கணக்கிலும் ஒரு தடவைகூட எண்ணப்பட்டிருக்காது.