ரெட்டிகுலோசைட்: நம் தமிழில் என்ன சொல்வது?

மதுரை அண்ணா நகரில் ஒரு லேபில் அப்பத்தாவின் ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கி வந்து வாசித்துக் காட்டினேன். "ரெட்டிகுலோசைட் 2 சதவீதம்" என்றதும், "ரெட்டியா? அது யாருடா?" என்றது அப்பத்தா. லேப்காரர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான், 'ரெட்டிக் கவுண்ட்' என்பார்கள். ரத்தத்துக்குப் புதிதாக வந்த, இன்னும் முழுசாக முதிராத சிவப்பணுதான் ரெட்டிகுலோசைட்.

லத்தீனில் 'ரேட்டே' என்றால் வலை, 'ரெட்டிகுலும்' என்றால் சின்ன வலை. 'சைட்' வந்தது கிரேக்கத்தின் 'கூட்டோஸ்' என்ற சொல்லிலிருந்து. பானை போல உள்ளே குடைவான கலம் என்று பொருள். இலங்கைத் தமிழர் செல்லைக் 'கலம்' என்றே எழுதுகிறார்கள். மூலச் சொல்லுக்கு நம்மைவிட அவர்கள்தான் பக்கம்.

அணுவுக்குள் வலை ஏது? எலும்பு மஜ்ஜையில் வளரும் சிவப்பணு, உட்கருவை வெளியே தள்ளிவிட்ட பிறகும் புரதம் செய்ய உதவும் ஆர்.என்.ஏ.வைக் கொஞ்சம் வைத்திருக்கும். உயிருள்ள அணுவோடு நியூ மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலந்தால் அந்த ஆர்.என்.ஏ. திரண்டு, நீல நூல் சிக்கிக்கொண்டது போலத் தெரியும். சாயம் போடாவிட்டால் வலையும் கிடையாது. ரத்தத்துக்கு வந்து ஒரு நாள் போல ஆனால் ஆர்.என்.ஏ. தீர்ந்து, சாதாரணச் சிவப்பணு ஆகிவிடும்.

'இளஞ்சிவப்பணு' என்று எழுதலாம்தான். ஆனால் இளஞ்சிவப்பு என்றால் நமக்கு ரோஸ் கலர். 'முதிராச் சிவப்பணு' என்றால் உட்கரு போகாத அணுக்களும் அதில் சேர்ந்துவிடும். என் ஓட்டு 'வலைச் சிவப்பணு'வுக்கு. வீட்டில் சொல்லும்போது மட்டும் 'பிஞ்சு அணு'.

வயசாளிகளுக்கு ரத்தம் கம்மி என்றால், அதாவது சோகை என்றால், இரும்புச்சத்து, பி12, சிறுநீரகம், நாள்பட்ட அழற்சி என்று காரணம் பல. மஜ்ஜை வேலை செய்யவில்லையா, இல்லை செய்த அணுக்கள் கசிந்தோ சிதைந்தோ போகின்றனவா என்பதைப் பிஞ்சுக் கணக்கு பிரித்துக் காட்டும். முதல் வகையில் அது ஏறாது, இரண்டாவதில் பொதுவாக ஏறும்.

இதில் ஒரு பொறி உண்டு. பெரியவர்களுக்குச் சாதாரண அளவு சுமார் 0.5 முதல் 2.5 சதவீதம் என்பதால் அப்பத்தாவின் 2 சரியாகவே தோன்றும். ஆனால் அது இருக்கிற அணுக்களில் எத்தனை பங்கு என்ற கணக்கு. மொத்த அணுக்களே குறைந்திருந்தால்? பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் இடம், 22.5 சதவீதம்தான் இருந்தது. அதைச் சாதாரண அளவான 45 ஆல் வகுத்து, தாளில் இருந்த 2 ஆல் பெருக்கினால் 1தான். அந்த அளவு சோகைக்கு அது போதாது, மஜ்ஜை மந்தம். பி12 குறைவு என்று பின்னால் தெரிந்தது.

ஊசி போட்டால் முதலில் ஏறுவது ரெட்டிக் கவுண்ட்தான், ஹீமோகுளோபின் அப்புறம். ஒரு வாரம் கழித்து அடுத்த தாளோடு வந்தபோது அப்பத்தா வாசலிலேயே கேட்டது: "ரெட்டி எத்தனைடா?"

"எட்டு" என்றேன்.