ஒரு கணம் சிவந்து வெளுக்கும் குளத்து நீர்

காட்பாடியில் வீட்டின் பின்புறம் சிறிய நீச்சல் குளம் கட்டியிருக்கும் வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். குளத்து நீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, குளோரின் அளவைக் காட்டும் மாத்திரையைப் போட்டதும் ஒரு கணம் இளஞ்சிவப்பு படர்ந்து, அடுத்த கணமே நீர் தெளிந்துவிட்டதாம். நிறம் நிற்கவில்லையென்றால் குளோரின் தீர்ந்துவிட்டது என்று எண்ணி, மேலும் கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். அன்று மாலை குளித்த பிள்ளைகளுக்குக் கண் எரிச்சல். மாத்திரை கெட்டுப்போனதா என்று கேட்கிறார். மாத்திரை நன்றாகவே இருக்கிறது. குளத்தில் குளோரின் அளவுக்கு மீறி இருந்ததால்தான் நிறம் மறைந்தது.

நீரில் கரையும் குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறிக் கிருமிகளைக் கொல்கிறது என்பது பள்ளியிலேயே படித்தது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு அது இணைந்தால் குளோரமின்கள் உண்டாகின்றன. இவ்வாறு இணைந்துவிட்டதைக் கட்டுண்ட குளோரின் என்றும், இணையாமல் வேலைக்குத் தயாராக நிற்பதைக் கட்டற்ற குளோரின் என்றும் சொல்கிறோம். வீட்டுக் குளத்தில் கட்டற்ற குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருப்பது நல்லது. மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' வந்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்த வாடை பெரும்பாலும் குளோரமின்களுடையது. கண் எரிச்சலுக்கும் அவை முக்கியக் காரணம். ஆகவே மூக்கை நம்பாமல் சோதித்தே பார்க்க வேண்டும்.

அந்த மாத்திரையில் இருப்பது டைஎத்தில் பாரா ஃபினைலின் டையமின், சுருக்கமாக டி.பி.டி. குளோரினை அளக்க இதைப் பயன்படுத்தும் முறையை 1957-இல் பாலின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வெளியிட்டார். இந்த மூலக்கூறின் நடுவில் ஒரு பென்சீன் வளையமும், அதன் எதிரெதிர் முனைகளில் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. அது புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சுவதால் நம் கண்ணுக்கு நிறமற்றதாகத் தெரிகிறது. குளோரின் அதனிடமிருந்து ஒரே ஓர் எலக்ட்ரானைப் பறிக்கும்போது, துணையிழந்து நிற்கும் மற்றோர் எலக்ட்ரான் ஓரிடத்தில் ஒடுங்காமல் வளையம் முழுவதும், இரு நைட்ரஜன்கள் வரைக்கும் பரவிக்கொள்கிறது. அப்படிப் பரவிய எலக்ட்ரானை மேல்நிலைக்குத் தூக்கச் சிறிய ஆற்றலே போதும். பச்சை ஒளியிடம் அந்த ஆற்றல் இருக்கிறது. பச்சை உறிஞ்சப்பட, எஞ்சிய ஒளி இளஞ்சிவப்பாக நம்மிடம் வருகிறது. குளோரின் எவ்வளவோ, எலக்ட்ரான் இழந்த மூலக்கூறுகளும் அவ்வளவு. அதனால்தான் நிறத்தின் அடர்த்தியை நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்ல முடிகிறது. பாதி வழியில் நிற்கும் ஒரு மூலக்கூறு இத்தனை அழகான நிறத்தைத் தருவது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமைத் தாண்டி குளோரின் இருந்தால், அது ஓர் எலக்ட்ரானோடு நிற்காமல் இரண்டாவதையும் பறித்துவிடும். அப்போது கிடைக்கும் இமின் என்ற பொருளில் துணையற்ற எலக்ட்ரான் இல்லை, நிறமும் இல்லை. வாசகி கண்ட ஒரு கணச் சிவப்பு, மூலக்கூறுகள் அந்தப் பாதி வழியைக் கடந்துபோன நேரம்.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டியை வைத்திருப்பார்கள். அதில் ஊற்றும் ஆர்த்தோடாலிடின் சொட்டு மஞ்சள் நிறம் தரும். ஆனால் கட்டற்ற குளோரினையும் கட்டுண்டதையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டாது. புற்றுநோய் அச்சம் காரணமாகப் பல இடங்களில் அதைக் கைவிட்டும் விட்டார்கள். விலையுயர்ந்த ஆய்வகக் கருவிகளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், டி.பி.டி. மாத்திரை ஒவ்வொரு ஊராட்சிக்கும் தடையின்றிக் கிடைப்பதற்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாத்திரையிலுள்ள உப்புகள் சோதனைக் குழாயிலுள்ள நீரின் பி.எச். அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 6.3 அருகே கொண்டுவந்துவிடுவதால், வீரியமிக்க ஹைப்போகுளோரஸ் அமிலமும் வீரியம் குறைந்த ஹைப்போகுளோரைட் அயனியும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. குளத்திலோ, பி.எச். 7.5 என்றால் கட்டற்ற குளோரினில் அமிலம் ஏறக்குறைய பாதி. 8 என்றால் கால் பங்குதான். வேலூர்ப் பகுதியின் கடினமான போர்வெல் நீரை நிரப்பி, அதில் காரத்தன்மையுள்ள ப்ளீச்சிங் பவுடரையும் போடும்போது பி.எச். ஏறுவது இயல்பு. ஆகவே குளோரின் சோதித்த கையோடு பி.எச். சோதனையையும் செய்ய வேண்டும்.

இனி அந்த வாசகி செய்ய வேண்டியது இதுதான். நீர் வந்து விழும் வாயிலுக்குத் தள்ளி, முழங்கை ஆழத்தில் நீரை எடுக்க வேண்டும். அதில் ஒரு பங்கோடு, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஒன்பது பங்கைச் சேர்த்து மாத்திரையைப் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் நிறத்தைப் பார்த்து, அட்டை காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். குழாயை விரலால் மூடிக் குலுக்கக்கூடாது. விரலின் வியர்வையே கணக்கை மாற்றும். அளவு கூடுதல் என்று தெரிந்தால் பிள்ளைகளை இறக்காமல் குளத்தைத் திறந்து வைக்கலாம். வெறும் ப்ளீச்சிங் பவுடர் மட்டுமே போட்டிருந்தால், கத்திரி வெயிலின் புற ஊதாக் கதிர் ஒரே பகலில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். சயனூரிக் அமிலம் கலந்த குளோரின் வில்லைகளையும் போட்டிருந்தால், அந்த அமிலம் குளோரினை வெயிலிலிருந்து காப்பதால் அளவு மெதுவாகத்தான் இறங்கும். பொறுக்க முடியாவிட்டால் கொஞ்சம் நீரை இறைத்துவிட்டுப் புது நீர் விட வேண்டியிருக்கும். மாலையில் மீண்டும் சோதித்து, நீர்த்துப்போகச் செய்யாத குளத்து நீரிலேயே நிறம் மறையாமல் நின்று, அட்டையில் 3-க்குள் வந்த பிறகு பிள்ளைகளை இறக்கலாம்.