கோடையில் குழுவாக நெடுந்தூர சைக்கிள்: பக்கத்தில் ஓட்டுபவரைக் கவனியுங்கள்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் சுமார் 100 கிலோமீட்டர். ஏற்றமே இல்லாத ரோடுதானே என்று கத்தரி வெயிலில் கிளம்பிவிடுகிறார்கள். டெல்டாவில் ஆளைச் சாய்ப்பது புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது சொட்டி வீணாகும், சூடு உள்ளேயே தங்கும்.

விடியற்காலை 4 மணிக்கு, முன்னும் பின்னும் விளக்கோடு கிளம்புங்கள். 10 மணிக்கு எந்த ஊரில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை மாலை 4 மணிக்கு மேல் வேகம் குறைத்து ஓட்டலாம். அப்போது கடல்காற்று எதிரே அடிக்கும். உளுந்து, பயறுச் செடிகளை ரோட்டில் பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். செடி செயினில் சுற்றிக்கொள்ளும்.

எவ்வளவு குடிப்பது என்பதை எடைதான் சொல்லும். ஒரு மணி நேர ஒத்திகையில் 60 கிலோ 59.2 ஆகி, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். பயண முடிவில் எடை 2 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, ஏறவே கூடாது. வெறும் தண்ணீரையே மடக் மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும்: தலைவலி, குமட்டல், மோதிரம் இறுகும்படி விரல் வீக்கம், குழப்பம். இளநீரில் பொட்டாசியம் உண்டு, உப்பு குறைவு. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். என்றால் 1 லிட்டருக்கான பாக்கெட்டை 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் வயிற்றைப் பிரட்டும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம். முந்தைய நாள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தவர் வரவே கூடாது.

குழுவில் ஓட்டும்போது முன்னால் போகிறவரை ஒட்டியே போனால் காலுக்கு வேலை குறையும். ஆனால் உடம்பில் படும் காற்றும் குறையும், சூடு தணியாது. தவிர, முடியவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, “அடுத்த ஊர் எது?” என்று கேட்கட்டும். பதில் குழறினாலோ, ஹேண்டில்பார் ஆடினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வியர்த்துக்கொண்டிருப்பவருக்கும் ஹீட் ஸ்ட்ரோக் (உடம்புச் சூடு எல்லை மீறி மூளையைத் தாக்குவது) வரும்.

வந்துவிட்டால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அதற்குள் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அதனால் மே மாதத்தில் குளிர்விக்க ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியாது. பம்புசெட் தொட்டி பக்கத்தில் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்துவரை இறக்குங்கள். இல்லையென்றால், பின்னால் வரும் வண்டியில் வைத்திருக்கும் கேன் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறுங்கள். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

மறுநாள் தொடை கல்லாக வலித்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். வலி மாத்திரை போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே., சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள்.