28 பாகம் ஆழத்தில் ஒரு கப்பல்

குமரி மாவட்டத்தின் கடியபட்டணத்திலும் இனயத்திலும் சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முங்குவார்கள். முதுகில் சிலிண்டர் கட்டிய ஸ்கூபா முங்குநருக்கோ முதல் பாடமே மூச்சைப் பிடிக்காதே என்பதுதான். கடல் ஒன்றுதான், விதி ஏன் மாறுகிறது?

10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகும். கரைக்காற்றை நெஞ்சில் நிரப்பி முங்கினால் கீழே அது பாதியாகச் சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். சிலிண்டர்க் காற்று அப்படியல்ல. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகவே அது வாய்க்கு வரும். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே இரண்டு நெஞ்சு கொள்ளும் காற்று. அதை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். கடைசி ஓரிரு மீட்டரில்கூட இது நடக்கலாம்.

சரி, கப்பலுக்கு வருவோம். 2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. 184 மீட்டர் நீளம், 640 கண்டெய்னர்கள். அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் நம் குமரிக் கரைகளிலும் ஒதுங்கின. கப்பல் கிடப்பது ஏறக்குறைய 51 மீட்டரில், நம் மீனவர்களின் ஆழக் கணக்கில் 28 பாகம். அங்கே அழுத்தம் ஆறு மடங்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஆறு மடங்கு காற்று செலவாகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (கரையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு) அழுத்தத்தில் அடைத்த காற்று, மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு இரண்டு மணி நேரம் வரும். அங்கே 20 நிமிடம். கப்பலுக்குள் நுழைபவர்கள் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று பிரிப்பார்கள். உள்ளே போக ஏழு நிமிடம்கூட இல்லை! காலில் மாட்டிய துடுப்பு தட்டி வண்டல் கலங்கினால் கையே தெரியாது. வாசலிலிருந்து இழுத்து வந்த கயிறுதான் வழி.

இன்னொரு தடை நைட்ரஜன். அழுத்தத்தில் அது ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது, 30 மீட்டருக்குக் கீழே போதைபோல மூளையை மந்தமாக்குகிறது. வேகமாக ஏறினால் உடலுக்குள்ளேயே குமிழியாகும்; மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோகும். அதனால் நின்று நின்றுதான் ஏற வேண்டும்.

இவ்வளவு ஆழத்தில் நாள்கணக்காக வேலை செய்ய வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. மேலே நிற்கும் கப்பலில், கடலடி அழுத்தத்திலேயே வைத்த அறையில் முங்குநர்கள் உண்டு உறங்குவார்கள். மூச்சுக்கு ஹீலியம் கலந்த ஆக்சிஜன். மணி வடிவக் கூண்டு ஒன்று அவர்களைக் கீழே இறக்கி, மறுபடி அறைக்கே கொண்டுவரும். உடல் ஓரளவுக்குமேல் வாயுவைக் கரைக்காது. ஒரு நாள் இருந்தாலும் 20 நாள் இருந்தாலும் அழுத்தம் குறைக்கும் நேரம் ஒன்றுதான். 50 மீட்டருக்கு அது இரண்டரை, மூன்று நாள். அதுவரை வீட்டு வாசல் பத்தடி தள்ளி இருந்தாலும் அவர்கள் கதவைத் திறக்க முடியாது.